இரைப்பையில் கட்டி, ரத்தத்தில் சர்க்கரை 38

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. காலையில் சாப்பிடும் முன் பின்னங்கால் துவண்டு விழுகிறான். சர்க்கரை 38தான் இருக்கிறதாம். ஸ்கேனில் இரைப்பையில் கட்டி. கட்டிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் உண்டு. இரைப்பைச் சுவரின் தசையில் வளரும் சில கட்டிகள், இன்சுலின் செய்யும் வேலையைச் செய்கிற ஐ.ஜி.எஃப்-2 என்ற பொருளைச் சுரக்கும். உடம்புத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கல்லீரலும் வெளியே விடாது. இரவெல்லாம் வயிறு காய்ந்தபின் காலையில் விழுவது அதனால்தான். நாய்க்கு 70 முதல் 120 வரை இயல்பு. 50க்குக் கீழே போனால் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வரலாம்.

ஆனால் அந்த 38ஐ நம்பும் முன் ஒன்று சொல்லுங்கள்: ரத்தம் எடுத்தது யார்? குழாயில் இருக்கும்போதும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். கமிஷனுக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர்கள் அதை பைக் பையில் போட்டு, இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டு, மாலையில் மனிதர்களுக்கான லேபில் கொடுக்கிறார்கள். ஒரு டாஷ்ஹண்டுக்கு அப்படி 41 என்று சீட்டு வந்தது. வலிப்பு மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். என் மேஜையில் அப்போதே எடுத்துப் பார்த்தேன்: 92. சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. அதில் எடுக்க வேண்டும், அல்லது சிவப்பணுக்களை உடனே பிரித்துவிட வேண்டும். இந்த ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொள்ளக்கூட ஏன் இத்தனை அலட்சியம்? மனிதர்களுக்கான வீட்டுக் கருவியும் நாய்க்குப் பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

உங்கள் பையன் உண்மையிலேயே விழுகிறான், கட்டியும் இருக்கிறது; அதனால் 38 மெய்யாகவும் இருக்கலாம். மறுபடி சோதிக்கும்போது, சர்க்கரை இறங்கியிருக்கும் அதே ரத்தத்தில் இன்சுலினையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் கூடியிருந்தால் கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். குறைந்து அடங்கியிருந்தால் இந்தக் கட்டியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுவையில் முழுதாக எடுத்தால் சர்க்கரை பெரும்பாலும் தானாக ஏறிவிடும். வயதாகிவிட்டது என்று கைவிட வேண்டாம், புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம்.

அதுவரை ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, கடைசி வேளை படுக்கும் முன். விழுந்தால் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். வலிப்பு வந்துகொண்டிருந்தால் வாய்க்குள் விரலே விட வேண்டாம். எழுந்ததும் சோறு கொடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.