நீட்டில் இடம் கிடைக்காத மகளும் மருத்துவ ஆராய்ச்சியும்

வணக்கம் ஐயா,

மகள் பிளஸ் டூவில் உயிரியலும் கணிதமும் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியும் நீட்டில் எம்பிபிஎஸ் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாள் வைரஸ் ஆராய்ச்சி என்கிறாள், மறுநாள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் முதுகைப் பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் மாதிரி ஆகணும் என்கிறாள், மனசு ஒரு நிலையில் இல்லையே என்பது உங்கள் கவலை.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் சொல்லும் இரண்டு வேலைக்கும் அடியில் இருப்பது ஒரே படிப்பு: எபிடெமியாலஜி, தமிழில் நோய்ப்பரவலியல். நோய் என்று வந்து உட்கார்ந்தவரை டாக்டர் பார்க்கிறார். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் யாரிடம் நோய் ஒளிந்திருக்கிறது, அது ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று தேடுவது இந்தத் துறை.

நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. 1980களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்கு எச்ஐவியைத் தேடிப் பார்க்கச் சொன்னார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அதுவரை இந்தியாவில் ஒருவரிடம்கூட அது கண்டறியப்படவில்லை. நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, வேலூர் சிஎம்சிக்கு எடுத்துப் போனார். 1986இல் அங்கே நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. நாட்டுக்குள் எச்ஐவி வந்துவிட்டது என்பது அப்படித்தான் தெரிந்தது. நிர்மலா டாக்டர்தான். ஆனால் அந்த வேலையைப் பிரித்துப் பாருங்கள்: யாரிடம் ரத்தம் எடுப்பது என்று முடிவு செய்வது, மாதிரியில் பெயர் மாறாமல் எழுதுவது, குளிர் குறையாமல் கொண்டுபோவது, சந்தேகம் வந்தால் மறுபடி சோதிப்பது, கடைசியில் கணக்குப் போடுவது. இன்று இவற்றில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் நுண்ணுயிரியல், லேப் டெக்னாலஜி, நர்சிங், புள்ளியியல் படித்தவர்கள்.

நோய்க் கண்காணிப்பு என்றால் தினசரி என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் கிராம சுகாதாரப் பணியாளர் பார்த்த காய்ச்சல், மருத்துவர் சந்தேகித்த நோய், ஆய்வகம் உறுதிசெய்த நோய் என்று மூன்று அடுக்காகத் தகவல் மேலே போகிறது. போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. ஆனால் இன்றும் 15 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரிகள் எடுத்து அனுப்ப வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தேடல் நிற்காததால்தான் இயற்கைப் போலியோ இல்லை என்று நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

சரி, முதுகுக்கு வருவோம். மாணவி இரண்டு கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல் முன்னால் குனிகிறாள். ஒரு பக்கம் விலா எலும்பு மேடாகத் தெரிகிறதா என்று பரிசோதகர் பின்னால் நின்று பார்க்கிறார். பிறகு ஸ்கோலியோமீட்டர் என்ற சாய்வு அளக்கும் கருவியை முதுகுத்தண்டின் குறுக்கே வைக்கிறார். குழாய்க்குள் இருக்கும் சிறு குண்டு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார். நிமிடக்கணக்கில் முடிகிற வேலை. சிரமமெல்லாம் அதற்கு அப்புறம்தான். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் பக்கவாட்டு வளைவு இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பருவ வயதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அது இருக்கும், அவர்களிலும் சிலருக்குத்தான் சிகிச்சை தேவைப்படும். கருவியில் 5 டிகிரி வந்தாலே எக்ஸ்ரேவுக்கு அனுப்பினால் ஒன்றுமில்லாத பிள்ளைகள் பலர் கதிர்வீச்சுக்கு ஆளாவார்கள், வீட்டில் உள்ளவர்கள் தூக்கம் இழப்பார்கள். 7 டிகிரி என்று வைத்தால் வளைவு இருந்தும் சிலர் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். எங்கே கோடு போடுவது? காய்ச்சல் எண்ணிக்கை எவ்வளவு ஏறினால் மாவட்டத்தை உஷார்படுத்துவது என்பதும் இதே கேள்விதான். உங்கள் மகளுக்கு இரண்டும் பிடித்திருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. வளைவு கூடாமல் தடுக்கும் பிரேஸ் என்ற பட்டையை முதுகுக்கு அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவைச் சிகிச்சை அளவுக்குப் போகவில்லை, அணியாதவர்களில் அது 48 சதவீதம்தான் என்று 2013இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. இருந்தும் 2018இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு, எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்றது. புத்தகப்பையால்தான் முதுகு வளைகிறது என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, பருவ வயதில் வரும் பெரும்பாலான பக்கவாட்டு வளைவுக்குக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிசியோதெரபி படித்து, கணக்கும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இங்கே வாழ்நாள் முழுக்க வேலை இருக்கிறது.

இனி படிப்பு. மனிதர்களைத் தொட்டுப் பார்க்கும் வேலை பிடித்தால் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு, ஆய்வகம் பிடித்தால் நுண்ணுயிரியல். மூன்றாவதாக பிஎஸ்சி புள்ளியியல், பெற்றோர் யாரும் என்னிடம் கேட்காத படிப்பு. கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு என் முதல் தேர்வு அதுதான். வேலூர் சிஎம்சியில் எம்எஸ்சி பயோஸ்டாடிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவப் புள்ளியியல், இருக்கிறது. எம்பிஎச் என்ற பொதுச் சுகாதார முதுகலைக்கு சென்னை அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் நல்ல இடங்கள். எந்த இளநிலைப் படிப்பை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், புராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். அரசு எபிடெமியாலஜிஸ்ட் பணிகளில் எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. முதுகலை முடித்து ஓரிரு வருட அனுபவம் சேரும்வரை சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இன்னொரு வருடம் நீட் எழுத வைக்கலாமா என்று கேட்டீர்கள். அவளே கேட்டால் எழுதட்டும். அதற்கு முன் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் அந்த அயப்பாக்கம் நிறுவனத்தார் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்' வகுப்பில் சேரச் சொல்லுங்கள். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆங்கிலம் முதலில் சிரமமாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அட்டவணைகளையும் சதவீதங்களையும் பார்த்து அவள் மேலும் மேலும் கேள்வி கேட்கிறாளா, கொட்டாவி விடுகிறாளா என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கல்லூரியை அப்புறம் பேசுவோம்.