அலைகரைக் காட்டுக்குள் கால் வைக்க முன்
வாசகர் கேள்வி – பதில்

குளத்து அலைகரையில், அதாவது அணைக்கட்டுக்கு எதிர்ப்பக்கக் கரையில், நிற்கும் காடு, கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்ட காடு, இரண்டு வயல்வெளிக்கு நடுவே ஐந்தாறு ஏக்கரில் மிஞ்சிய காடு. வன்னியில் இப்படியான சிறுகாடுகளைப் பார்க்கப் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். வில்பத்து, மடு வீதி போன்ற தேசிய பூங்காக்களுக்கு விதிகள் வேறு. அவற்றை இங்கே எடுக்கவில்லை.

கேள்வி: தரம் 8 பிள்ளைகள் முப்பது பேரை எங்கள் ஊர்க் குளத்துக்கு மேலே உள்ள காட்டுக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். எந்த மாதம் நல்லது? என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? (ஆசிரியை ஒருவர், வவுனியா வடக்கு)

பதில்: மாசி, பங்குனி. மாரி மழை ஓய்ந்து பாதை இறுகியிருக்கும். குளத்தில் தண்ணீர் இருக்கும், வெயில் இன்னும் கொடூரமாகியிருக்காது. கார்த்திகை, மார்கழியில் வண்டில் பாதை சேறாகி, வாய்க்கால் கடக்க முடியாமல் நிற்பீர்கள். ஆவணி, புரட்டாதியில் போகவே வேண்டாம். காட்டுக்குள் மோட்டைகள் என்னும் சிறு நீர்நிலைகள் வற்றிவிட, யானைகள் தண்ணீர் மிஞ்சிய குளங்களைச் சுற்றியே நிற்கும் காலம் அது.

முதல் வேலை, காடு யாருடையது என்று அறிவது. பார்வைக்கு ஒரே காடாகத் தெரிந்தாலும் ஒரு பகுதி வனவளத் திணைக்களத்தின் ஒதுக்குக்காடாகவும், அடுத்த பகுதி பிரதேச செயலகத்தின் பொறுப்பில் உள்ள அரச காணியாகவும் இருக்கலாம். கிராம அலுவலரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு, உரிய அலுவலகத்தில் இரண்டு கிழமைக்கு முன்னரே எழுத்தில் அனுமதி எடுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போய் வாசலில் திரும்பி வருகிறவர்கள் அதிகம்.

காலை ஆறரைக்குக் காட்டோரம், பத்து மணிக்கு வெளியே. அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். விடியற்புறத்தில் யானையும் கரடியும் இன்னும் பாதையில்தான் நிற்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மறுபடி இறங்கத் தொடங்கும். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முன்னே ஊர்க்காரர் ஒருவர், கடைசியில் இன்னொருவர். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், வாகனத்தில் இன்னும் பத்து லீற்றர். நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு வந்த பிள்ளையைக் கரையில் நிறுத்த உங்களுக்கு மனம் வராது. அதனால் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

காற்றைப் பற்றிப் பலரும் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விலங்கைக் கிட்டப் பார்க்க விரும்பும் தனி ஆள் காற்றுக்கு எதிரே நடப்பார், வாசனை பின்னால் போகட்டும் என்று. முப்பது பிள்ளைகளோடு போகிறவருக்கு அது ஆபத்து. மாசியில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும். காற்று முதுகில் படும்படி தென்மேற்காக நடவுங்கள், சாதாரணமாகப் பேசிக்கொண்டும் போங்கள். உங்கள் வாசனையும் சத்தமும் முன்னே போய் விலங்குகளை விலக வைக்கும். கரடி தாக்குவது பெரும்பாலும் திடுக்கிட்டபோதுதான்.

தூரம் முந்நூறு மீற்றர் போதும். உள்ளே ஒரு செயல் கொடுங்கள். நாற்பது மீற்றர் கயிறு எடுத்து பத்து மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நான்கு மூலையில் தடி நட்டுச் சதுரம் பிடியுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் 14.1 மீற்றர் வர வேண்டும். வராவிட்டால் சதுரம் சரிந்துவிட்டது. அதற்குள், தரையில் இருந்து 1.3 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்களைத் தையல் நாடாவால் அளந்து எழுதச் சொல்லுங்கள். சுற்றளவை 3.14ஆல் பிரித்தால் விட்டம். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை இரண்டு. மரத்தில் சுற்றிய கொடியையும் சேர்த்து அளப்பது ஒன்று. வீரை மரத்தின் ஆழமான பள்ளங்களுக்கு மேலாக நாடா பாலம் போட, மரம் உள்ளதைவிடப் பருமனாகக் கணக்கில் வருவது மற்றது.

கேள்வி: பாலை, வீரை, முதிரை எல்லாம் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. எப்படி வேறுபடுத்துவது? (மாங்குளம்)

பதில்: அண்ணாந்து பார்ப்பதை விட்டு முதலில் பட்டையைப் பாருங்கள், பிறகு கீழே விழுந்த இலையை எடுங்கள்.

பாலையின் பட்டை கருஞ்சாம்பல் நிறம், ஆழமாக வெடித்துக் கட்டைகட்டையாக நிற்கும். இலை தடிப்பு, கொப்பு நுனியில் கொத்தாக இருக்கும். இலையின் நுனி கூராக முடியாமல் நடுவே சிறிதாகக் குழிந்திருக்கும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால். இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை.

வீரைக்கு அடிமரமே அடையாளம். பல தண்டுகளைச் சேர்த்து முறுக்கியதுபோலப் பள்ளமும் மேடுமாக இருக்கும். இலை சிறிது, தோல் போன்றது, அடிப்பக்கம் இரு பாதியும் சமமில்லை. பால் வராது. பழம் சிவப்பு.

முதிரையின் பட்டை மஞ்சள் கலந்த சாம்பல், தக்கைபோல மெத்தென்று வெடித்திருக்கும். ஒரு காம்பில் பத்து முதல் இருபது சோடிச் சிற்றிலைகள் இருப்பதால் தூரத்தில் மரத்தின் உச்சி சாம்பல் நிற இறகுபோலத் தெரியும். கசக்கினால் மணக்கும். வரட்சியில் இலை கொட்டிவிடும், அப்போது காய்ந்த காய் மூன்றாக வெடித்துச் சிறகுள்ள விதை கீழே கிடக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். மரவேலைக்காரர்கள் அறிந்த விசயம்.

கறுத்த பட்டை என்றதும் கருங்காலி என்று சொல்லிவிடாதீர்கள். மழைக்குப் பின் பாலையும் கறுப்பாகத்தான் தெரியும். காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பாருங்கள், அது போதும். விண்ணாங்கு சுலபம்: காற்றடிக்கும்போது இலையின் வெள்ளை அடிப்பக்கம் மின்னும். சமண்டலையின் இலை இதய வடிவம், காம்பு நீளம்.

கேள்வி: கனடாவில் இருந்து ஆவணி நடுவில் வருகிறோம். பிள்ளைகளுக்குப் பாலைப்பழம் காட்டலாமா?

பதில்: பிந்திவிடுவீர்கள். ஆனி, ஆடிதான் பழக்காலம். ஆவணி நடுவில் பழம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அடுத்த முறை யூன் கடைசியில் வரப் பாருங்கள். பழத்தின் பால் உதட்டில் ஒட்டும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும், தண்ணீரால் போகாது. பழக்காலத்தில் கரடிக்கும் அதே மரம்தான் சந்தை. பட்டையில் நீளமான புதிய நகக்கீறல், பக்கத்தில் தோண்டிய கறையான் புற்று, விதை நிறைந்த எச்சம் கண்டால் அந்த மரத்தை விட்டு வந்த வழியே திரும்புங்கள். ஊர்ச்சந்தையில் வாங்குவது ஒன்றும் குறைவில்லை.

கேள்வி: யானை அண்மையில் நின்றதா, நேற்றே போய்விட்டதா என்று எப்படி அறிவது? (ஒட்டுசுட்டான்)

பதில்: இலத்தியைத் தடியால் பிளந்து பாருங்கள். உள்ளே ஈரமும் சூடும், மேலே ஈக்களும் என்றால் யானை பக்கத்தில்தான். வைக்கோல் நிறமாகக் காய்ந்து கறையான் ஏறியிருந்தால் பழையது. ஆனால் மேற்பரப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், வெயிலில் ஒரு மணித்தியாலத்திலேயே வெளி காய்ந்துவிடும். முறித்த கொப்பில் சாறு கசிகிறதா, அடித்தடத்தின் விளிம்பு உதிராமல் கூராக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புதியது என்றால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது. யானையைக் கண்டே விட்டால் கத்தவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். ஊருக்குள் இறங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

கேள்வி: கண்ணிவெடி பயம் இன்னும் உண்டா?

பதில்: உண்டு. அகற்றும் பணி பெரும்பகுதி முடிந்திருந்தாலும், காட்டுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம். ஊரவர்களும் மாடுகளும் தினமும் போய்வரும் பாதையில் மட்டும் நடவுங்கள், குறுக்குவழி தேட வேண்டாம். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையோ மேற்பக்கம் சிவப்புப் பூசிய கட்டையோ கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் இல்லை. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி 119க்கு அறிவியுங்கள். மழை மண்ணை அரித்துப் புதைந்ததை மேலே கொண்டுவரும். போன வருடம் நடந்த இடம் என்பது உறுதி அல்ல.

கேள்வி: எங்கள் கோயில் காடு மூன்று ஏக்கர். மக்கள் வந்து இருக்கட்டும் என்று பற்றையைத் துப்புரவாக்கி, சருகு கூட்டினோம். மூன்று வருடத்தில் பெரிய மரங்களே பட்டுப்போகின்றன. ஏன்? (நிர்வாக சபை, நெடுங்கேணிப் பக்கம்)

பதில்: நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான் காரணம். காட்டோரத்துப் பற்றை குப்பை அல்ல, அது சுவர். சூரை, காரை, ஈச்சை எல்லாம் பின்னிக்கொண்டு நிற்பதால்தான் கோடையின் சோளகக் காற்று உள்ளே நுழைவதில்லை. அதை வெட்டியதும் சூடான காற்று நேரே புகுந்து தரையை உலர்த்துகிறது. சருகையும் கூட்டிவிட்டால் மாரித் தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓடிவிடும். திறந்த இடத்துக்குள் மாடு வந்து பாலைக் கன்றைத் தின்னும், மண்ணை மிதித்து இறுக்கும். அடுத்து நாயுண்ணியும் கினிப்புல்லும் வரும். கினிப்புல் காய்ந்தால் தீப்பெட்டிக் குச்சி ஒன்று போதும்.

செய்ய வேண்டியது குறைவுதான். விளிம்பில் பத்து மீற்றர் அகலத்துக்குக் கத்தி வைக்காமல் விடுங்கள். சருகு கூட்டுவதைக் கோயில் வீதியோடு நிறுத்துங்கள். மழை தொடங்கும் புரட்டாதிக் கடைசியில் ஐந்தடி நீளக் கிளுவைக் கதியாலை, ஒரு அடி இடைவெளியில், ஒரு அடி ஆழத்துக்கு நட்டு வேலி போடுங்கள். தாய் மரத்தடியில் தானாக முளைத்த பாலை, வீரைக் கன்றுகளைத் தேடித் தடி நட்டு அடையாளம் செய்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு அடி மட்டும் புல்லைப் பிடுங்குங்கள். பாலை மிக மெல்ல வளரும். முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், பொறுமை வேண்டும். இடைவெளியை நிரப்பத் தேக்கு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மக்கள் இருக்க ஒரு வளைந்த பாதையும் வாசலில் நாலு கல்லும் போதும்.

கேள்வி: காட்டுக்குப் போய்வந்து பத்து நாளில் காய்ச்சல். உண்ணி கடித்தது காரணமாகுமா?

பதில்: ஆகலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது கண்ணில் தெரியும் பெரிய உண்ணி அல்ல, பற்றை ஓரங்களில் இருக்கும் மிகச் சிறிய சிற்றுண்ணிக் குஞ்சு. கடித்தது தெரியாது. ஆறு முதல் இருபத்தொரு நாளுக்குள் தலையிடியோடு காய்ச்சல் வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி பட்ட இடங்களில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்குப் பொருக்கு வராது. அதனால் பொருக்கு இல்லை என்று சும்மா இருக்காமல், காட்டுக்குப் போன நாளை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். மருத்துவர் தரும் சாதாரண மாத்திரைகளால் குணமாகும் நோய், பிந்தினால் உயிராபத்து. வீடு வந்ததும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுப்பை அன்றே தோய்த்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பெரிய உண்ணியைச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கேள்வி: பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கீறவும் உறிஞ்சவும் கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலைத் தடி வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். சமிக்ஞை இல்லாத இடமானால் எதிரே வரும் உழவு இயந்திரமே அம்புலன்ஸ். பாம்பைப் பிடிக்க ஒருவரை விட்டால் இரண்டாவது நோயாளி தயார். தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

கேள்வி: மாரிக்குப் பிறகு மைமலில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும் குருவி எது? சத்தம் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. (புளியங்குளம்)

பதில்: ஆறுமணிக்குருவியாக இருக்க வேண்டும். ஐப்பசியில் வந்து சித்திரையில் போய்விடும். மரத்தில் தேடுவதால்தான் காணவில்லை. பகல் முழுக்க நிழலில், தரையில் சருகு கிளறித் திரியும். காலை ஏழு மணிக்குக் காட்டோரம் வீரை நிழலில் பதினைந்து நிமிடம் அசையாமல் இருங்கள். சருகு சரசரக்கும் இடத்தைப் பாருங்கள். கட்டை வாலும், வாலடியில் சிவப்பும் தெரியும்.