முதல் அறுவடை 25-ஆம் நாளில்: பள்ளித் தோட்டம் வைக்கும் ஆசிரியைக்கு

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மொத்தம் 80 பிள்ளைகள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் 2 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. போன வருஷம் ஜூனில் கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், அவரை என்று எல்லாமே போட்டோம். முதல் வாரம் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள், ஒரு மாதத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வெண்டை முற்றிப்போனது, தக்காளி மழையில் அழுகியது, மிச்சத்தை ஆடு தின்றது. "படிக்க அனுப்பினா மம்பட்டி பிடிக்க விடுறீங்களா?" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். போர் தண்ணீரும் கொஞ்சம் உப்பு. இந்த வருஷம் மறுபடியும் ஆரம்பிக்கலாமா? பிள்ளைகள் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆரம்பியுங்கள் டீச்சர். ஆனால் 2 சென்ட்டையும் தொடாதீர்கள். ஒரு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு பாத்தி போதும். அதிலும் முளைக்கீரை மட்டும்.

பிள்ளைகள் ஏன் விலகிப் போனார்கள் என்று பாருங்கள். கத்தரிக்கு நாற்று வளர ஒரு மாதம், நட்டபிறகு காய்க்க இரண்டு மாதம். ஜூனில் விதைத்தால் முதல் காய் பறிப்பதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது அடுத்த தீபாவளி மாதிரி ஒரு தூரம். முளைக்கீரை மூன்று நான்கு நாளில் முளை காட்டும், 25 நாளில் பிடுங்கலாம். ஒரு தடவை விதைத்ததைத் தின்று பார்த்த பிள்ளை அடுத்த பயிருக்கு மூன்று மாதம் காத்திருக்கும். முதல் தடவையே காக்க வைத்தால் காத்திருக்காது.

பாத்தியின் அகலம் ஒரு மீட்டருக்கு மேல் போகவேண்டாம். இரண்டு பக்கம் உட்கார்ந்தும் சின்னக் கை நடுவரைக்கும் எட்ட வேண்டும், உள்ளே மிதிக்கக் கூடாது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு சதுர மீட்டர் பிரித்துக் கொடுங்கள். கயிறு கட்டி அளப்பதும் அவர்களே. பரப்பளவு என்றால் என்ன என்று கரும்பலகையில் புரியாத பிள்ளைக்கு, "எங்க பாத்தியில ஒரு சாண் குறையுது" என்று சண்டை வரும்போது நன்றாகவே புரிந்துவிடும். கீரை விதை கடுகைவிடச் சின்னது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய் தூவி வைத்தால் அது நொய்யோடு போய்விடும்.

விதைப்பைத் திங்கட்கிழமை வையுங்கள். அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 25-ஆம் நாள் வியாழக்கிழமையில் விழும். சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் முந்தின நாளே சொல்லி வைத்துவிட வேண்டும். உலை வைத்த பிறகு மண்ணோடு கீரைக்கட்டைக் கொண்டுபோய் நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? காலையிலேயே பிடுங்கி, பிள்ளைகளே ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசிக் கொடுக்கட்டும். அடுப்புப் பக்கம் அவர்கள் போகவேண்டாம்.

அலசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சத்துணவுக் கூடத்துத் தராசை வாங்கி, ஒவ்வொரு குழுவும் தன் கீரையை வேர் கிள்ளிவிட்டு நிறுக்க வேண்டும். நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கிடைக்கும். முதல் தடவை நான்கு குழுவுக்கும் சேர்த்து இரண்டரை கிலோ வந்தாலே நல்லது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி என்பது அளவு. உங்கள் 80 பேருக்கு 4 கிலோ, அதாவது நான்கு சதுர மீட்டர் கீரை. தினமும் போடவேண்டுமானால், 25 நாளுக்கு ஒரு சுற்று என்று கணக்கிட்டால் 100 சதுர மீட்டர் வேண்டும். உங்களிடம் இருக்கும் 2 சென்ட் ஏறக்குறைய 81 சதுர மீட்டர்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டுக் கண்டுபிடிக்கட்டும். நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தோட்டத்தால் காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று மேலே யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் பாடம் போய், உற்பத்திக் கணக்குதான் மிஞ்சும்.

சமைத்துச் சாப்பிடுவது இல்லாமல் தோட்டத்தை மட்டும் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்டெஃபனி அலெக்சாண்டர் என்ற சமையல் நிபுணர் 2001-இல் மெல்பர்னின் காலிங்வுட் கல்லூரிப் பள்ளியில் இதைத் தொடங்கியபோது, தோட்டத்தோடு சமையலறையையும் சேர்த்தேதான் தொடங்கினார். விளைவிப்பதும் சமைப்பதும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் அங்கே ஒரே பாடம். நமக்கு அதற்கென்று தனிச் சமையலறை கட்ட வேண்டியதில்லை, சத்துணவுக் கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. கீரையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கும் பிள்ளை, தான் நிறுத்துப் பார்த்த கீரையை ஒரு வாயாவது எடுத்துப் பார்க்கும்.

இரண்டு சுற்றுக் கீரை முடிந்தபிறகு வெண்டைக்குப் போகலாம். போன வருஷம் உங்கள் வெண்டை முற்றியதில் பிள்ளைகள் தவறு எதுவும் இல்லை. வெண்டையைப் பூத்த ஆறாம் ஏழாம் நாளில் பறித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை விரல் நீளம் இருந்த பிஞ்சு, சனி ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை வந்து பார்த்தால் நார் பாய்ந்து நிற்கும். அதையே பாடமாக்குங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு காய்க்கு நூல் கட்டி, வெள்ளி சாயந்திரமும் திங்கள் காலையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதட்டும். நுனியை ஒடித்துப் பார்த்து, படக்கென்று ஒடிந்தால் குழம்புக்கு, வளைந்தால் விதைக்கு. விதைக்கு விட்ட காயைச் செடியிலேயே காயவிட்டு, அடுத்த வருஷம் வரும் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டி வையுங்கள்.

தக்காளி அழுகியது பருவக் கோளாறு. இதை நானும் செய்திருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கு உற்சாகத்தில் பன்னிரண்டு வகை விதை கொண்டுபோய் ஒரே நாளில் விதைக்க வைத்தேன். ஐப்பசி மழையில் தக்காளி அத்தனையும் தண்ணீரில் நின்றது. "சார், இதுக்கும் நாங்க தண்ணி ஊத்தணுமா?" என்று ஒரு பொடியன் கேட்டான். வடகிழக்குப் பருவமழை அடங்கிய பிறகு, மார்கழி வாக்கில் நாற்றை நடுங்கள். மாசி, பங்குனியில் பழம் வரும், பள்ளியும் திறந்திருக்கும். பந்தல் அவரைக்கு ஆடிப்பட்டம். பகல் நேரம் குறையும் மாதங்களில்தான் அது பூக்கும் என்பதால் பிள்ளைகள் பொறுமையிழப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூச்சி வந்தால் மருந்து தேடி ஓடாதீர்கள். ரசாயன மருந்துக் குப்பி எதுவும் பள்ளி வளாகத்துக்குள் வரவே கூடாது, இதில் நான் பிடிவாதக்காரன். முதலில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். அவரைக் கொழுந்தில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி, அப்பியிருக்கும். அங்கே வழவழவென்று மினுங்கிக்கொண்டு திரிவது பொறிவண்டு, அசுவினியைத் தின்கிறது. கத்தரி இலையில் அதே மாதிரி உருண்டையாக இன்னொன்று இருக்கும். அதற்கு மினுமினுப்பு கிடையாது, மெல்லிய ரோமம் படிந்து மங்கலாகத் தெரியும். முதுகில் 28 புள்ளிவரை எண்ணலாம். அது இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். பார்வைக்கு அண்ணன் தம்பி, ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், மற்றதைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். புள்ளியை எண்ணி இரண்டையும் பிரித்துவிடும் பிள்ளைக்கு அதற்குமேல் அறிவியல் பாடம் நடத்த வேண்டியதில்லை. கை மீறினால் மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயந்திரத்தில் ஆசிரியர் தெளிக்கலாம்.

அந்த அம்மாவின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். தலைமுறையாக மம்பட்டி பிடித்தவர்கள், பிள்ளையாவது அதிலிருந்து தப்பட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மண் கொத்துவதும் எரு சுமப்பதும் பெரியவர்கள் வேலையாகவே இருக்கட்டும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஆள் ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் களை பிடுங்க அனுப்புவது ஒரு தடவைகூட நடக்கக் கூடாது. பெருக்குவதற்குப் பெண் பிள்ளைகள், எரு அள்ளுவதற்கு இன்ன தெருப் பிள்ளைகள் என்று தானாக ஒரு வழக்கம் உருவாகும், கவனமாகப் பாருங்கள். வாரந்தோறும் வேலை சுழல வேண்டும், பட்டியல் சுவரில் தொங்க வேண்டும். முதல் அறுவடை அன்று அந்த அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையின் நோட்டைக் காட்டுங்கள்.

ஆடு வராமல் இருக்கக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு வேலி போடலாம். அது துளிர்த்து அடர்கிறவரை பழைய சேலையைச் சுற்றிக் கட்டுங்கள். தட்டு கழுவும் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிடுங்கள், கீரைக்கு வேண்டாம். கோடை விடுமுறையைக் கடக்க முருங்கையும் கறிவேப்பிலையும் போதும், பாத்தியில் சருகு மூடாக்குப் போட்டுவிட்டுப் போகலாம்.

உப்புத் தண்ணீருக்குப் பீன்ஸ் தாங்காது, அந்த ஆசை வேண்டாம். பீட்ரூட் ஓரளவு தாங்கும், மார்கழியில் ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். கீரை விதைக்கும் முன், ஈரத்துணியில் ஐம்பது விதையைப் போர் தண்ணீரிலும் இன்னொரு துணியில் ஐம்பதை மழைத் தண்ணீரிலும் நனைத்து வைத்து, ஐந்தாம் நாள் எத்தனை முளைத்தது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். போர் தண்ணீரில் பாதிக்கும் கீழே வந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.