கூழாங்கல்லைக் குறிக்கும் ‘கயூ’ என்ற பிரெஞ்சுச் சொல் தமிழ்க் ‘கல்’லில் இருந்து வந்ததா?

இல்லை. ‘கயூ’ போன்ற பிரெஞ்சுச் சொற்கள் தமிழில் இருந்து வந்தவை என்று சொல்லும் அந்த வாட்ஸ்அப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பக் குழுவில் அது வந்தபோது மறுத்து எழுதினேன். “நாலு எழுத்து பிரெஞ்சு படித்ததும் தாய்மொழி கசக்கிறதா?” என்று சித்தப்பா கேட்டுவிட்டார். அது இன்னும் உறுத்துகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோமானியர் வருவதற்கு முன் இன்றைய பிரான்சில் கோல் மக்கள் பேசியது ஒரு கெல்டிய மொழி. சீசரின் படையெடுப்புக்குப் பிறகு லத்தீன் அதை மெல்ல விழுங்கியது. ஆனால் மண், கல், உழவு சார்ந்த சில சொற்கள் தப்பிவிட்டன. கல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் ‘பியேர்’ லத்தீன் ‘பெத்ரா’ வழி வந்தது; லத்தீனே அதைக் கிரேக்கத்தில் இருந்துதான் வாங்கியது. காலடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு உள்ளூர்ச் சொல்லே நிலைத்துவிட்டது. அதன் கோலிய வடிவம் ‘கல்யாவோ’ என்று அறிஞர்கள் மீட்டமைத்திருக்கிறார்கள். இன்றும் பேசப்படும் கெல்டிய மொழிகளான வெல்ஷ், பிரெட்டனில் ஆணின் விரையைக் குறிக்கும் சொற்களை இதன் உறவாகக் காட்டுகிறார்கள்.

“அதிலேயே ‘கல்’ இருக்கிறதே!” என்பீர்கள். சரி, ஒலி மாறிய வழியைப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘க’ பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் ‘ஷ’ ஆகும். குதிரையைக் குறிக்கும் ‘கபல்லுஸ்’ அப்படித்தான் ‘ஷெவால்’ ஆனது. கூழாங்கல்லுக்கான சொல்லுக்கும் பழைய பிரெஞ்சில் ‘ச’வில் (இன்றைய ‘ஷ’வின் பழைய ஒலி) தொடங்கும் வடிவம் உண்டு. இன்றைய ‘கயூ’, ‘க’ மாறாத வட பிரான்சின் நார்மண்டி, பிக்கார்டி வட்டாரங்களின் வடிவம். தமிழ்க் ‘கல்’ எந்த நூற்றாண்டில், யார் வாய்வழியே அங்கே போனது என்று இப்படிப் படிப்படியாக யாரும் காட்டியதில்லை. கெல்டியருக்கும் முந்தைய மொழியின் சொல்லாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் தமிழுக்குச் சான்றாகாது.

என்னைத் தமிழ் விரோதி என்று எழுத வருபவர்களுக்கு: மாங்குளத்திலும் புகளூரிலும் பாறையிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. அதை நேசிப்பவன்தான் நானும்.

எனக்கு இதைவிடப் பிடித்த சொல் ‘க்ரெவ்’. சரளைக்கான கோலியச் சொல்லில் இருந்து வந்தது. பாரிஸில் சேன் நதியின் சரளைக் கரையை ஒட்டிய பிளாஸ் த க்ரெவ் சதுக்கத்தில் கூலியாட்கள் வேலை தேடி நிற்பார்கள். அங்கே வேலையின்றி நிற்பதைக் குறித்த ‘க்ரெவ்’ என்ற பெயர் பிறகு வேலைநிறுத்தத்துக்கே வந்துவிட்டது. 1803-இல் சதுக்கத்தின் பெயரை மாற்றினார்கள். சொல் அப்படியே இருக்கிறது.

இதில் ஒன்றையாவது பள்ளியில் சொன்னார்களா? பிளஸ் டூவில் நாங்கள் பிரெஞ்சு எடுத்ததே மார்க்குக்காக. ‘ஊ’ ஒலியில் (ou) முடியும் சொற்களில், பன்மையில் ‘எஸ்’ வராமல் ‘எக்ஸ்’ வரும் ஏழு சொற்கள் என்று ஒரு பட்டியலை ஒப்பித்தோம். ‘கயூ’ அதில் ஒன்று. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் “சிலபஸில் இல்லை, உட்கார்” என்பார்கள். இப்போது என் அண்ணன் மகளுக்கும் அதே பட்டியல், அதே பதில்தான்.