தெருவுக்குள் வரும் பாரலாரிகள்: மனு யாருக்கு?
வணக்கம் ஐயா. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு வரும் லாரிகள் உங்கள் குறுகிய தெருவில் புகுந்து சாக்கடை மேல்மூடிகளை உடைப்பதாகவும், யாரிடம் முறையிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி, பொதுப் பாதுகாப்பையோ சாலையின் தன்மையையோ கருதி ஒரு தெருவில் கனரக வாகனங்களைத் தடைசெய்யும் அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் உண்டு. ஆகவே மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் காவல் ஆணையருக்கும் கொடுத்து, நகலை மாநகராட்சிக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும் என்பதால், முதலில் குறுகிய காலத் தடையையே கேளுங்கள். மிகைப்பாரத்துக்குப் பிரிவு 194-இல் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஆனால் இரண்டு அச்சு லாரிக்குச் சட்டமே வண்டியும் சரக்கும் சேர்த்து 18.5 டன் வரை அனுமதிப்பதால், மிகைப்பாரப் புகாரை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுச் சாக்கடை மூடிக்கு அந்த எடையே மிக அதிகம். உடைந்த இடங்களின் படங்களைத் தேதியுடன் மனுவில் இணையுங்கள்.