லேசர் ஜைரோவை ஏன் ஆட்ட வேண்டும்? டிதர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ரிங் லேசர் ஜைரோ என்பது சுழற்சியை லேசர் ஒளியால் அளக்கும் கருவி; அதை வேண்டுமென்றே சிறிதாக ஆட்டுவதுதான் டிதர். இதைப் பற்றி எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பாறசாலைக்காரன். திருவனந்தபுரத்தில் ஜைரோ சோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மார்த்தாண்டம், பொறியியல் மாணவி: சார், லேசர் ஜைரோவில் அசையும் பாகமே கிடையாது என்று படித்தோம். அப்புறம் எதற்கு அதை ஆட்டுகிறார்கள்?

சுழலும் சக்கரம் இல்லை என்பது சரிதான் மக்களே. ஆனால் ஆட்டம் உண்டு, அது இல்லாமல் இந்தக் கருவி மெதுவான சுழற்சியைப் பார்க்கவே பார்க்காது.

ஒரு மூடிய பாதையில் இரண்டு ஒளிக்கற்றைகள் எதிரெதிராக ஓடுகின்றன. பாதை சுழன்றால் ஒன்றுக்குத் தூரம் கூடும், மற்றதற்குக் குறையும். இதை 1913-ல் சாக்னாக் செய்து காட்டினார். 1963-ல் மாசெக், டேவிஸ் இருவரும் ஹீலியம்-நியான் லேசரையே வளையமாக அமைத்தார்கள். அதில் இரண்டு கற்றைகளின் அதிர்வெண்ணே வேறுபடும். அந்த வேறுபாட்டை எண்ணினால் சுழற்சி கிடைக்கும். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள முக்கோண ஜைரோ என்றால் ஒரு எண்ணிக்கைக்குச் சுமார் 2.3 ஆர்க் செகண்ட் திருப்பம். ஒரு டிகிரியில் 3600 ஆர்க் செகண்ட் என்பதை நினைவில் வையுங்கள், இனி அடிக்கடி வரும்.

சிக்கல் கண்ணாடிகளில் இருக்கிறது. எவ்வளவு மெருகேற்றினாலும் கண்ணாடிப் பரப்பு கொஞ்சம் ஒளியைப் பின்னோக்கிச் சிதறடிக்கும். ஒரு கற்றையின் ஒளி மற்றதற்குள் கசியும். சுழற்சி மெதுவாக இருக்கும்போது இரண்டு அதிர்வெண்களும் நெருங்கியே இருப்பதால், அந்தக் கசிவு இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். 1665-லேயே ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்து ஆடுவதைக் கண்டார். அதே இயற்பியல்தான். இதை லாக்-இன் என்கிறோம். இந்தப் பூட்டு விழும் வேக எல்லை மணிக்கு 100 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி சுழல்வதோ மணிக்கு 15 டிகிரி. அதாவது பூமியே சுற்றினாலும் ஜைரோ பூஜ்யம் காட்டும்!

அதனால்தான் ஒளிப்பாதை அமைந்த ஜைரோ கட்டையை ஒரு ஸ்பிரிங்கில் ஏற்றி, பீசோ துண்டுகளால் (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும், வளைத்தால் மின்னழுத்தம் தரும்) வினாடிக்குச் சுமார் 400 தடவை இப்படியும் அப்படியும் திருப்புகிறார்கள். வீச்சு 150 ஆர்க் செகண்ட்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 400 ஹெர்ட்ஸில் அதன் உச்ச வேகம் வினாடிக்கு 100 டிகிரியைத் தாண்டும். கணக்குப் போட்டால், ஜைரோ பூட்டின எல்லைக்குள் இருக்கும் நேரம் மொத்தத்தில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட வராது.

களியக்காவிளை, பாலிடெக்னிக் ஆசிரியர்: ஆட்டமும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுமே, அண்ணாச்சி?

சேரும். எடுக்க வழிகள் உண்டு. ஒன்று, எண்ணும் ஒளியியல் பாகத்தில் ஒரு பங்கை ஆடாத உறையிலேயே பொருத்துவது. அப்போது உறையின் சுழற்சிதான் பெரும்பாலும் எண்ணிக்கையாக வரும். இன்னொன்று, ஸ்பிரிங்கில் ஒட்டிய மற்றொரு பீசோ தரும் சிக்னலைப் பெருக்கி எண்ணிக்கையிலிருந்து கழிப்பது. இரண்டாவதில் பெருக்கும் எண்ணைச் சூடு மாறும்போதெல்லாம் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் டிதரின் மிச்சம் நிற்கும். வெறுமனே ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் ஒருமுறை எண்ணிக்கையைப் படித்தாலும் ஆட்டம் போய்விடும், ஆனால் வேகமான அதிர்வும் கூடவே மறைந்துவிடும். கட்டுப்பாட்டுச் சுற்றில் வேலை செய்யும் ஜைரோவுக்கு அது நல்லதல்ல.

பாலக்காடு, எலெக்ட்ரானிக்ஸ் துறையில் வேலை பார்ப்பவர்: நன்றாகச் சீராக ஓடும் ஆட்டத்தில் வேண்டுமென்றே இரைச்சல் கலக்கிறார்களாமே? ஏன் கெடுக்கிறார்கள்?

ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டை இரண்டு முறை திரும்புகிறது. திரும்பும் கணத்தில் வேகம் பூஜ்யம், ஜைரோ ஒரு நொடித்துளி பூட்டிவிட்டு விடுபடுகிறது. விடுபடும்போது ஒரு சிறு பிழையை விட்டுச் செல்கிறது. ஆட்டம் கச்சிதமாக ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பிழையும் ஒரே மாதிரி சேர்ந்து சில குறிப்பிட்ட வேகங்களில் மறுபடி பூட்டு உண்டாகும். வீச்சை ஒழுங்கில்லாமல் கூட்டிக் குறைத்தால் பிழை இப்படியும் அப்படியும் போய் மெதுவாகத்தான் வளரும். கோணத்தின் தற்செயல் நடை (ஒழுங்கில்லாமல் சேரும் கோணப் பிழை) என்று ஜைரோவின் தர அட்டவணையில் வருவதில் பெரும்பங்கு இதிலிருந்துதான். நல்ல கண்ணாடியே இதற்கு அடிப்படை மருந்து. இரைச்சல் அடுத்தபடிதான்.

சூளூர்ப்பேட்டை, மெக்கானிக்கல் டிசைனர்: மூன்று ஜைரோக்களையும் ஒரே சட்டத்தில் வைத்தால் ஒன்றின் ஆட்டம் மற்றதைப் பாதிக்காதா? எவ்வளவு பாதிக்கும் என்று எண்ணில் சொல்ல முடியுமா, சார்?

டிதரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆட்டுவது பெரிய வித்தையில்லை, அந்த ஆட்டத்தைத் தன் அச்சிலேயே நிற்க வைப்பதில்தான் டிசைனரின் திறமை தெரியும்.

சின்ன வள்ளத்தில் நின்றுகொண்டு இடுப்பைத் திருப்பினால் வள்ளம் எதிர்ப்பக்கம் திரும்பும் இல்லையா? ஜைரோ கட்டை திரும்பும்போது சட்டமும் அப்படித்தான். சட்டத்தின் சுழல் நிலைமம் (திருப்புவதை எதிர்க்கும் அளவு) கட்டையுடையதைப் போல 100 மடங்கு என்றால், 150 ஆர்க் செகண்ட் ஆட்டத்துக்குச் சட்டம் 1.5 ஆர்க் செகண்ட் எதிர்த்திசையில் ஆடும்.

இது சின்னது என்று விட்டுவிடாதீர்கள். சட்டம் இரண்டு அச்சுகளில் ஒரே அதிர்வெண்ணில், கால் சுற்று முன்பின்னாக ஆடினால் அது கூம்பு வடிவில் சுற்றும். கோனிங் என்பது இதுதான். ஒவ்வொரு சுற்று முடிவிலும் சட்டம் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆனால் மூன்றாவது அச்சின் ஜைரோ ஒரு நிலையான சுழற்சியை உணரும். இரண்டு வீச்சுகளையும் பெருக்கி, கோண அதிர்வெண்ணால் பெருக்கி, பாதியாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 1 ஆர்க் செகண்ட், 400 ஹெர்ட்ஸ் என்றால் விடை மணிக்கு 0.006 டிகிரி. விமான வழிகாட்டிக்கு ஜைரோவின் மொத்தப் பிழையே மணிக்கு 0.01 டிகிரி அளவில் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. கணினி அதிவேகத்தில் மூன்று ஜைரோக்களையும் படித்துக் கணக்கிட்டால் இதை நீக்கலாம். மெதுவாகப் படித்தால் அப்படியே தங்கிவிடும்.

அதனால் மூன்று ஜைரோக்களுக்கும் மூன்று வெவ்வேறு அதிர்வெண் கொடுப்பார்கள். அப்போது கட்டம், அதாவது ஓர் ஆட்டம் மற்றதற்கு எவ்வளவு முன்பின் என்பது, மாறி ஓடிக்கொண்டே இருக்கும், பிழை சராசரியில் கரைந்துவிடும். சோதனை மேசையில் இதைக் காதாலேயே கேட்கலாம். பவர் கொடுத்ததும் மெல்லிய ரீங்காரம் வரும். மூன்றும் சேர்ந்து கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். இரண்டு ஜைரோக்களின் அதிர்வெண் நெருங்கிவிட்டால் கரகரப்பு போய், ஓசை மெல்ல எழுந்து தாழும். அப்படிக் கேட்டால் அளவுக் கருவியைப் பார்க்கும் முன்னாலேயே அந்த யூனிட்டை நிறுத்தி ஸ்பிரிங்குகளைப் பாருங்கள்.

இன்னொன்று: சட்டத்தின் சொந்த ஒத்ததிர்வுகள் (அது எளிதில் பெரிதாக அதிரும் அதிர்வெண்கள்) டிதர் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. வரைபடத்தில் விலகியிருக்கும். கேபிளும் மூடியும் போட்ட பிறகு இறங்கி வந்து உட்கார்ந்துவிடும். முழுதாகப் பூட்டிய யூனிட்டையே ஷேக்கர் என்ற அதிர்வு மேசையில் ஏற்றிப் பாருங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: வெளியதிர்வுக்கு ரப்பர் மவுண்ட் போட்டால் போதுமா?

போதாது. ரப்பர் வெளியிலிருந்து வரும் அதிர்வைக் குறைக்கும். அதன் சொந்த அதிர்வெண் டிதருக்கு மிகவும் கீழே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சட்டத்தின் எடை மையமும் நான்கு மவுண்டுகளின் நடுமையமும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். விலகினால் நேர்கோட்டு அதிர்வு சாய்ந்தாட்டமாக மாறி, மறுபடி கோனிங்கில் கொண்டுபோய் விடும். ரப்பர் குளிரில் விறைக்கும், வயதாகும். நான்கும் ஒரே தொகுப்பிலிருந்து எடுத்தவையா என்று கேட்டு வாங்குங்கள்.

நெய்யாற்றின்கரை, இயற்பியல் ஆசிரியை: நம் ஊரில் வைத்தால் ஜைரோ பூமியின் சுழற்சியை எவ்வளவு காட்டும்?

திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 8.5 டிகிரி வடக்கே. செங்குத்தாக நிற்கும் அச்சுக்கு மணிக்கு 2.2 டிகிரிதான் கிடைக்கும். மேலே சொன்ன 10 செ.மீ. ஜைரோவில் அது ஏறக்குறைய வினாடிக்கு ஒரே ஒரு எண்ணிக்கை, டீச்சர். வடக்கு நோக்கிப் படுத்த அச்சுக்கு மணிக்கு 14.9 டிகிரி. அதனால் ஜைரோவால் வடக்கைக் கண்டுபிடிக்க நம் பக்கம் நல்ல இடம். துருவத்துக்கு அருகே போகப் போக அது கஷ்டமாகும்.

ஜெர்மனியின் வெட்செல்லில் பக்கத்துக்கு 4 மீட்டர் உள்ள பெரிய ரிங் லேசர் இருக்கிறது. அதற்குப் பூமியின் சுழற்சி ஒன்றே சுமார் 348 ஹெர்ட்ஸ் கொடுக்கிறது. பூட்டின எல்லைக்கு வெளியே நிற்பதால் அதற்கு டிதரே வேண்டாம். ஒளியிழைச் சுருளில் ஒளி ஓடும் ஃபைபர் ஜைரோவுக்கும் வேண்டாம், அங்கே வளையத்துக்குள் லேசர் உண்டாவதில்லை.

நாகர்கோவில், மூன்றாம் ஆண்டு மாணவர்கள்: அண்ணே, எங்கள் கல்லூரியில் லேசர் ஜைரோ கிடையாது. டிதரை மட்டும் செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். வயர்-கட் பட்டறையில் ஒரு எஃகுத் தகட்டிலிருந்து நடுக்குடமும் ஆரக்கால்களும் வெளிவளையமும் ஒரே துண்டாக வருமாறு வெட்டி வாங்குங்கள். ஆரக்கால்கள் மெல்லியதாக இருக்கட்டும். பஸருக்குள் இருக்கும் பீசோவிலிருந்து மெல்லிய துண்டுகளை ஆரக்காலின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். ஒன்று ஆட்ட, ஒன்று அளக்க. சிக்னல் ஜெனரேட்டரில் அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றினால் ஓர் இடத்தில் வீச்சு சட்டென்று எழும். அங்கே ஆட்டும் சிக்னலுக்கும் அளக்கும் சிக்னலுக்கும் 90 டிகிரி கட்ட வேறுபாடு இருக்க வேண்டும். உச்சியை வீச்சை வைத்துத் தேடாமல் கட்டத்தை வைத்துப் பிடியுங்கள். உண்மையான டிதர் டிரைவும் அப்படித்தான் ஒத்ததிர்வைத் தொடர்கிறது.

பிறகு நடுக்குடத்தை ஒருமுறை கனமான கருங்கல் பலகையிலும், ஒருமுறை சிறிய அலுமினியத் தட்டில் பூட்டி அந்தத் தட்டை ஸ்பாஞ்ச் மேலும் வைத்து அளங்கள். இரண்டாவதில் அதிர்வெண் ஏறும். தட்டின் நிலைமம் வளையத்துடையதைப் போல 10 மடங்கு என்றால் ஏற்றம் சுமார் 5 சதவீதம். அதோடு, தட்டின் மூலையில் ஒரு சிறிய அக்சலரோமீட்டர் (முடுக்கம் அளக்கும் கருவி) ஒட்டி அது எவ்வளவு எதிர்த்து ஆடுகிறது என்றும் பாருங்கள். பசை முழுதாகக் காயும் முன் அளக்காதீர்கள், எண்கள் நாளுக்கு நாள் நகரும். இரண்டு அளவீடுகளின் கட்ட வரைபடங்களையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.