முயலின் பஞ்சு ஏன் எட்டிப் பார்க்கிறது?

கேள்வி: இருபது வருடமாக ஸ்வெட்டர் பின்னுகிறேன். எட்டு மாதப் பேரனுக்காக முதல்முறையாக முயல் பொம்மை பின்னினேன். 8-ஆம் நம்பர் ஊசி, ஸ்வெட்டருக்கு வாங்கியதில் மிஞ்சிய உல்லன் நூல். பஞ்சு அடைத்ததும் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. தலையும் நிற்காமல் சாய்கிறது. எங்கே தவறினேன்?
– குன்னூர் வாசகி

உங்கள் கை தவறவில்லை அம்மா, ஸ்வெட்டர் பழக்கம்தான் காலை வாரியிருக்கிறது. ஸ்வெட்டர் உடம்பில் தழைய வேண்டும் என்பதால் கொஞ்சம் தளர்வாகப் பின்னுகிறோம். பொம்மைக்குள் பஞ்சு இருக்கிறது; அது ஒவ்வொரு கண்ணியையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் நூல் லேபிளில் போட்டிருக்கும் ஊசியைப் பொம்மைக்கு எடுக்கக் கூடாது.

8-ஆம் நம்பர் என்பது 4 மி.மீ. அதே நூலுக்கு 10-ஆம் நம்பர் (3.25 மி.மீ.) எடுங்கள். உங்கள் கை தளர்வு என்றால் 11 (3 மி.மீ.). நம் கடை ஊசிகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கப் பேட்டர்னில் கணக்கு தலைகீழ்: அவர்களின் 8 என்பது 5 மி.மீ. அதை நம் 8 என்று நினைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. மி.மீ. மட்டும் பாருங்கள்.

முதலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னி, கறுப்புத் துணிமேல் வைத்து இரு பக்கமும் இழுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு நம்பர் மெலிய எடுக்க வேண்டும். முயல் சற்றுச் சிறுத்துப்போகும்; போகட்டும்.

கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் இடமும் முக்கியம். ஊசிமேல் நூலைச் சுற்றிக் கூட்டினால் ஓட்டை விழும். லேஸ் சால்வைக்கு அது அழகு, முயலுக்கு இல்லை. இரண்டு கண்ணிகளுக்கு நடுவே கிடக்கும் குறுக்கு நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னிக் கூட்டுங்கள்.

தலை சாய்வதற்குக் காரணம் கழுத்து. உடம்பில் 36 கண்ணி இருந்தால் கழுத்தை 12-க்குக் குறைக்காதீர்கள். 24-லேயே நிறுத்தி, தலைக்கு மறுபடி கூட்டுங்கள். கழுத்து வழியாகத் தலைவரை பஞ்சு ஒரே தொடர்ச்சியாகப் போக வேண்டும். அடைத்து முடித்தபின் கழுத்து வரிசையில் ஒரு நூல் ஓட்டி இலேசாக இழுத்தால் கழுத்து வடிவம் வந்துவிடும். கம்பியோ குச்சியோ உள்ளே செருகச் சொல்வார்கள். கைக்குழந்தை பொம்மையில் அது கூடவே கூடாது.

பஞ்சு எது என்று நீங்கள் எழுதவில்லை. இலவம்பஞ்சின் இழை மெல்லியது, கண்ணி வழியே கசியும். பருத்திப்பஞ்சு தோய்த்ததும் கட்டி கட்டும், சீக்கிரம் காயாது. தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு போதும். அதை உருண்டையாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, முதலில் ஓரங்களிலும் பிறகு நடுவிலும் அடையுங்கள்.

கண்ணுக்குப் பொத்தானும் மணியும் வேண்டாம். ‘சேஃப்டி ஐ’ என்று விற்கும் பிளாஸ்டிக் கண்ணும் வேண்டாம். பெயரில்தான் சேஃப்டி, பின்னல் இழுபடும்போது பின்பக்க வளையத்தோடு பிடுங்கிக்கொண்டு வரலாம். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையில், பொம்மைப் பாகங்களைச் சோதிக்கும் 31.7 மி.மீ. அகல உருளைக்குள் முழுதாக அடங்கும் சிறு பாகம் தொண்டையில் சிக்கும் ஆபத்து என்றே கணக்கு. கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள்.

இப்போதுள்ள முயலைப் பிரிக்க மனம் வராதுதானே? முதுகுத் தையலை மட்டும் பிரித்துப் பஞ்சை எடுங்கள். பழைய வேட்டித் துணியில் முயலின் அளவுக்கு ஒரு பை தைத்து, உள்ளே வைத்து, அதற்குள் பஞ்சை அடையுங்கள். பை கழுத்தைத் தாண்டித் தலைக்குள்ளும் போகட்டும். காதையும் வாலையும் இரண்டு சுற்றுத் தையல் போட்டு இழுத்துப் பாருங்கள். பேரன் முதலில் கடிக்கப்போவது காதைத்தான். தோய்த்தால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்துங்கள். உங்கள் ஊர் மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாளாவது கிடக்க வேண்டும்.